கலையும் கொலையும் ஒன்றாம்!

“கலையும் கொலையும் ஒன்று! கல்வியும் கலவியும் ஒன்று! கேள்வியும் களவும் ஒன்று! மானமும் மௌனமும் ஒன்று!” என்று எவரேனும் மேடையேறி முழங்கினால் நாம் என்ன சொல்வோம்? சித்தம் கலங்கியவர் என்போம், சிரித்துவிட்டு நகர்வோம். ஆனால், இதே உளறலை ஒரு பொறி நாள்தோறும் உரைக்கிறது. அந்தப் பொறிக்கு விதி எழுதித் தந்தவர்கள் படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள். அந்த விதியை எடுத்து நம் நாட்டிலே ஆள்பவர்கள் தமிழர்கள்! சிரித்துவிட்டு நகர்வதற்கில்லை, தோழர்களே! சிந்திக்க வேண்டிய செய்தி இது.

இணையத்திலே வெளியாகும் ஒவ்வொரு கட்டுரைக்கும், ஒவ்வோர் அரசாணைக்கும், ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியின் கடைசிப் பகுதியைத் தலைப்பிலிருந்தே ஆக்கிக்கொள்வது வழக்கம். தலைப்பிலுள்ள காற்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி ஆகியவை களையப்படும். சொற்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் சிறுகோடு இடப்படும். படித்த மாத்திரத்திலே உள்ளே என்ன இருக்கிறது என்று உணர்த்தும் பெயர் ஒன்று கிடைக்கும். ஆங்கிலத்திலே இதனை ‘ஸ்லக்’ என்கின்றனர். அச்சுக்கூடத்துச் சொல் அது. வரிவார்ப்பு எந்திரம் வார்த்துத் தள்ளும் ஈய வரிக்கும் அப்பெயர். செய்தியை அடையாளம் காட்ட ஆசிரியர் குழுவினர் அதன் தலையிலே எழுதும் ஓரிரு சொல்லுக்கும் அப்பெயர். அமெரிக்காவிலே, கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரிலே, ஒரு நாளேட்டின் அலுவலகத்திலே 2003இல் உருவாகத் தொடங்கி 2005இல் வெளியிடப்பட்ட ‘ஜாங்கோ’ என்னும் மென்பொருள் சட்டகம், இந்த அச்சுக்கூடச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது.

நல்ல ஏற்பாடுதான், நாம் மறுக்கவில்லை. முகவரியைக் கண்டதும் பொருள் விளங்கும். துண்டறிக்கையிலே அச்சிடலாம். தோழரிடம் வாய்மொழியாகச் சொல்லலாம். கைப்பேசியிலே வந்து விழும் ஆயிரம் முகவரிகளில் எது உண்மை, எது ஏமாற்று என்று திறப்பதற்கு முன்பே ஓரளவு ஊகிக்கலாம். இத்தனை நலனும் ஆங்கிலம் கற்றவருக்கு உண்டு. தமிழ் மட்டும் கற்றவருக்கு?

மூன்று விதமான தண்டனைகள் காத்திருக்கின்றன.

முதல் தண்டனை, முற்றாக அழிப்பது. ஜாங்கோவிலே முகவரிப் பெயரை ஆக்கித் தரும் பகுதி, வேறு விதமாக நடந்துகொள் என்று தனியே ஆணையிடப்படாவிட்டால், ஆங்கிலத்துக்குரிய அடிப்படை எழுத்தும் எண்ணும் அல்லாத யாவற்றையும் துடைத்தெறியும். தமிழ்த் தலைப்பொன்றைக் கொடுத்தால் திரும்பி வருவது வெறுமை! தலைப்பு இருந்தது, சொல் இருந்தது, பொருள் இருந்தது. பொறியின் கண்ணுக்கு அங்கே எதுவுமே இல்லை!

இரண்டாம் தண்டனை, உறுப்பை வெட்டுவது. 2015இல் வந்த ஜாங்கோ 1.9ஆம் பதிப்பு, பிறமொழி எழுத்துகளையும் விட்டுவைக்க ஒரு வழி திறந்தது. மகிழ்ந்து உள்ளே நுழைந்தது தமிழ்; வெளியே வந்தபோது காலில்லை, கொம்பில்லை, புள்ளியில்லை! ஏன்? யூனிகோடு முறையிலே க, ச, த என்பவை ‘எழுத்து’ என்னும் வகையைச் சேர்ந்தவை. கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவை ‘குறி’ என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. ஜாங்கோ எழுதப்பட்ட பைத்தான் மொழியோ, ஒரு சொல்லுக்குள் வரத்தக்கவை எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே என்று விதி வைத்திருக்கிறது. குறிக்கு இடமில்லை. ஆகவே, முற்றுப்புள்ளியையும் வினாக்குறியையும் களையும் அதே கத்தி, மெய்யெழுத்தின் புள்ளியையும் களைகிறது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தமழ’ என்று கிடைக்கிறது!

விளைவைப் பாருங்கள். கலை, கொலை, கல், கால், கூலி, கேலி – அத்தனையும் ‘கல’! கல்வியும் கலவியும் ‘கலவ’! கேள்வியும் களவும் ‘களவ’! வேதமும் வாதமும் வதமும் ‘வதம’! நீதியும் நிதியும் நதியும் ‘நத’! நாவலரும் நாவலூரும் ‘நவலர’! சாதி, சதி, சூது மூன்றும் ‘சத’ – இதிலே மட்டும் பொறி தன்னையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

ஒரே பெயர் இருவருக்கு வந்துவிட்டால் என்ன செய்கின்றனர்? பின்னால் வந்தவர் தலையிலே எண் ஒன்றைப் பொறித்து அனுப்புவது வழக்கம். முதலில் வந்த கலைக்குக் ‘கல’. அடுத்து வந்த கொலைக்குக் ‘கல-2’. அதற்கடுத்து வந்த கூலிக்குக் ‘கல-3’. பெயரைப் பறித்துவிட்டு எண்ணை மாட்டுவது எங்கே நடக்கும்? சிறைச்சாலையிலே நடக்கும்! குற்றம் செய்தவருக்கு நடக்கும்! தமிழ்ச்சொல் செய்த குற்றம் என்ன?

மூன்றாம் தண்டனை, பாதியிலே கழுத்தை நெரிப்பது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையிலே, ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலைக்கு மூன்று பைட்டு. முகவரிக்குள் செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று இடத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே, ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம்! ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறி. முகவரியிலே 45 இடம் நீளும் வால். வேர்டுபிரஸ் என்னும் புகழ்பெற்ற மென்பொருள், முகவரிப் பெயருக்கு 200 இடம் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு 200 எழுத்து. தமிழுக்கு? 200ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்: 22 குறி!

‘பகுத்தறிவும் பெண் விடுதலையும்’ என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டதாகக் கொள்வோம். 27 குறிகள், இடையே இரண்டு சிறுகோடுகள், ஆக 245 இடம். கத்தி 200இல் இறங்குகிறது. மிஞ்சுவது, ‘பகுத்தறிவும்-பெண்-விடுதல’. அவ்வளவுதான்! பெண்ணின் விடுதலை, ‘லை’யை எட்டுமுன்னே அறுந்து தொங்குகிறது!

இதனை எடுத்துக்காட்டினால் கிடைக்கும் விடைகள் வேடிக்கையானவை.

“அது பொறியின் இயல்பு, நாம் என்ன செய்ய முடியும்?” என்கிறார் ஒருவர். எங்கேயோ கேட்ட குரலாக இல்லையா? “அது அவன் விதித்த விதி, நாம் என்ன செய்ய முடியும்?” என்று பல நூற்றாண்டுகளாக நம் காதிலே ஓதப்பட்ட அதே குரல்! முன்பு தலையெழுத்தை மாற்ற முடியாது என்றனர்; இப்போது தலைப்பெழுத்தைக் காக்க முடியாது என்கின்றனர். பொறிக்கு இயல்பு ஏது? மனிதன் எழுதிய விதியைப் பொறி செய்கிறது. எழுதிய விதியை மனிதன் திருத்தலாம். யூனிகோடு அமைப்பே தன் 18ஆம் நுட்ப அறிக்கையிலே, சொல்லுக்குள் வரத்தக்கவற்றைக் கணக்கிடும்போது குறிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. பெர்ல் என்னும் கணினி மொழி சேர்த்தும் கொள்கிறது. ஒரு மொழியால் முடிந்தது இன்னொன்றால் முடியாதா? ஜெர்மானியர் எழுத்தின் தலைமேல் நிற்கும் இரட்டைப் புள்ளியை எப்படி எழுதிக் காப்பது என்று வேர்டுபிரஸ் தனி விதியே வைத்திருக்கிறது. இரட்டைப் புள்ளிக்கு விதி உண்டு. நம் ஒற்றைப் புள்ளிக்குத் தலைவிதியா?

இதிலே வடவர் சதி, வெள்ளையர் சூழ்ச்சி என்று நாம் கூச்சலிடப்போவதில்லை. காரணமின்றிப் பழி சுமத்துவது பகுத்தறிவு ஆகாது. கான்சஸ் மாநிலத்து இளைஞனுக்குத் தமிழ்ப் புள்ளியின் பொருள் தெரியாதது குற்றமன்று. தெரிந்த நாம் தெரிவிக்காமல் இருப்பதுதான் குற்றம்!

புள்ளி நேற்று வந்த அணிகலன் அன்று. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது. ஆயினும், ஓலைச்சுவடிகளிலே பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபடும், கிழியும் என்ற அச்சம் காரணம். அதனால் நேர்ந்த இடரைப் பின்னாளில் சுவடி தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் சுமந்தனர். மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று இடம் நோக்கி, பொருள் நோக்கி, ஒவ்வோர் எழுத்தாக ஊகித்தனர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவிலே வேறுபாடு காட்டி அத்தொல்லையிலே ஒரு பகுதியைத் தீர்த்தார். அன்று, ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டனர். இன்று எது கிழியும் என்று விடுகின்றனர்? பனையோலைக்கு இருந்த ஞாயம், மின்னணுப் பொறிக்கு உண்டா?

“எழுத்தைத் திருத்தியவர்தானே உங்கள் பெரியார்? அச்சுப் பொறிக்கு ஏற்ப எழுத்து மாறலாம் என்றவர்தானே? இப்போது மட்டும் ஏன் துடிக்கிறீர்கள்?” என்று மடக்கப் பார்ப்பவரும் உளர். மடங்கமாட்டோம், விளக்குவோம். 1935இல் ‘குடி அரசு’ இதழிலே பெரியார் புதிய எழுத்து வடிவங்களை ஆளத் தொடங்கினார். 1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு அவற்றுள் 13 எழுத்துகளை ஆணையிட்டு ஏற்றது. ணா, றா, னா என்றும், ணை, லை, ளை, னை என்றும் இன்று குழந்தை எளிதாக எழுதுவது அதன் பயன். அந்தத் திருத்தத்தால் வடிவம் மாறிற்று, ஒலி மாறிற்றா? அச்சுக் கோப்பவரின் சுமை குறைந்தது. சொல்லின் பொருள் குறைந்ததா? கலையைக் கொலையாக்கிற்றா? இல்லை! சீர்திருத்தம் என்பது சுமையைக் குறைப்பது. பொருளைக் குறைப்பது அன்று. மயிர் களைவதும் மருத்துவன் செயல். தலை களைவதும் அதுவே என்று வாதிடுவோரிடம் கத்தியைக் கொடுக்கலாமா?

இன்னொரு விடை, “முகவரி ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே, தமிழை ஆங்கில எழுத்திலே எழுதிவிட்டால் போதாதா?” என்பது. போதுமா என்று பார்ப்போம். வலியும் வளியும் வழக்கிலே ஒரே ஆங்கில எழுத்துக்கோவை. மனமும் மணமும் ஒன்று. அரமும் அறமும் ஒன்று. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு, 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதும் முறையை ஆணையாக வெளியிட்டது. எழுந்த மறுப்புகளைக் கண்டு சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. நோக்கம் நல்லது, ஆனால் எந்த எழுத்தை எப்படிப் பெயர்ப்பது என்பதில் ஒருமை இல்லை. 2001இல் வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 15919 என்னும் பன்னாட்டு முறை வேறுபாடுகளைக் காட்டவே செய்கிறது; எப்படிக் காட்டுகிறது? ஆங்கில எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டு! அந்தக் கோட்டையும் புள்ளியையும் முதலிலே சொன்ன பொறி விட்டுவைக்குமா? அதனையும் சீவித் தள்ளும். சுற்றி வந்தாலும் அதே கத்தி, அதே கழுத்து!

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. புரியாத ஒலியை முணுமுணுத்தால் புண்ணியம் என்றவர்களை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம் நம்முடையது. பொருள் தெரியாத மந்திரத்துக்குத் தலை வணங்காதே என்று சிற்றூர்தோறும் சென்று சொன்னோம். இன்று, விழுக்காட்டுக் குறியும் எண்ணும் கலந்த இருநூறு இடம் நீளும் கோவை, முகவரி என்ற பெயரில் உழவரின் கைப்பேசிக்கு வருகிறது. படிக்க முடியாது, சொல்ல முடியாது, சோதிக்க முடியாது. பொருள் கேட்காதே, தொடு என்கிறது! இது புதிய மந்திரம் அல்லவா? “அறியாத முகவரியைத் திறக்காதீர்” என்று எச்சரிக்கை செய்கிறார்கள். சரி, அறியும்படியாக முகவரி எழுதினீர்களா? எழுதாமல் எச்சரிப்பது, கண்ணைக் கட்டிவிட்டுப் பள்ளம் பார்த்து நட என்பதன்றோ?

முகவரி என்பது பெயர். பெயர் என்பது உரிமை. இந்த நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபர் 13இல் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். 1967 ஜூலை 18இல் அண்ணாவின் அரசு சட்டமன்றத்திலே தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 ஜனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. பெயரிலே என்ன இருக்கிறது என்று அன்றும் கேட்டனர். என்ன இருக்கிறது என்பதை வரலாறு காட்டிற்று.

இணையத்திலும் தமிழ் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக விசைப்பலகைக்கு ஒரு தரம் பிறந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றி, தன் கட்டுரைகளுக்குத் தமிழிலேயே முகவரி வைத்து நடந்து காட்டுகிறது. 2010இல் யூனிகோடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் தமிழ் ஈறுகள் 2010, 2011ஆம் ஆண்டுகளில் இணையத்தின் வேர்ப்பட்டியலிலே ஏறின. வாயிற்பலகையைத் தமிழில் எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. வீட்டுக்குள்ளே அறைகளின் பெயர்கள் மட்டும் இன்னும் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன!

ஆகவே நாம் கேட்பது ஐந்து.

ஒன்று: முகவரிப் பெயர் ஆக்கும் எந்த மென்பொருளும் எழுத்தோடு குறியையும் காக்கவேண்டும். களைய வேண்டியவை நிறுத்தக் குறிகள், உயிர்க்குறிகள் அல்ல.

இரண்டு: ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு இரண்டு. இவ்வேறுபாட்டைச் சமன்செய்ய யூனிகோடு வகுத்த முறையை முதலிலே செலுத்தி, ஒரு சொல்லுக்கு ஒரே முகவரி ஆக்கவேண்டும்.

மூன்று: நீளத்தைப் பைட்டுக் கணக்கில் அளக்காமல் எழுத்துக் கணக்கில் அளக்கவேண்டும். குறுக்க நேர்ந்தால் சொல்லின் எல்லையிலே குறுக்கவேண்டும். ‘விடுதலை’யின் கழுத்திலே அன்று.

நான்கு: தமிழ்ப் பெயரோடு மாறாத எண் ஒன்றையும் சேர்க்கவேண்டும். எண் மட்டும் உள்ள குறுமுகவரி துண்டறிக்கைக்கும் தொலைபேசிக்கும் உதவும். தமிழ்ப் பெயர் பொருளை உணர்த்தும். தலைப்பு திருந்தினாலும் பழைய முகவரி புதிய இடத்துக்கு வழிகாட்ட வேண்டும். நல்ல முகவரி மாறாது என்று வலையை ஆக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார்.

ஐந்து: தமிழ்நாட்டு அரசின் பணத்தில் உருவாகும் எந்தத் தளமும் இந்த நான்கையும் நிறைவேற்றிய பிறகே ஏற்கப்படவேண்டும். ‘கலை’, ‘கொலை’ என்று இரு தலைப்பு கொடுத்து, இரு முகவரி வருகிறதா என்று பார்த்தால் போதும், சோதனை முடிந்தது!

இவற்றைச் செய்ய மலையைப் பெயர்க்க வேண்டுமா? கடலைத் தூர்க்க வேண்டுமா? முதற் கோரிக்கைக்குச் சில வரிகள் போதும். ஜாங்கோவும் வேர்டுபிரஸும் திறந்த மூலநிரல்கள். குறையைச் சுட்டி, திருத்தம் எழுதி அனுப்ப எவருக்கும் வாயில் திறந்திருக்கிறது. எந்த ஊரில் பிறந்தாய், எந்தக் குலம் என்று அங்கே கேட்பதில்லை. திருத்தம் சரியா என்றே கேட்பர்.

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, பழைய மாமல்லபுரம் சாலையிலே, நாவலூரைக் கடந்தால் சிறுசேரி. சிப்காட் அமைத்த தொழில்நுட்பப் பூங்காவிலே வானளாவ நிற்கின்றன கட்டடங்கள். பாட்டன் ஏடு தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து, தந்தை கூலி வேலை செய்து படிக்கவைத்த இல்லத்திலிருந்து, தம்பியரும் தங்கையரும் அங்கே வந்து அமர்ந்திருக்கின்றனர். அயல்நாட்டு வங்கியின் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் இரவெல்லாம் விழித்துத் திருத்துகின்றனர். தசமப் புள்ளிக்கு அத்தனை காவல்! தமிழ்ப் புள்ளிக்குக் காவல் இல்லையா? அந்த ஊரின் பெயரையே அந்தப் பொறியிலே இட்டுப் பாருங்கள். ‘சிறுசேரி’, ‘சறசர’ என்று திரும்பி வரும். தாம்பரம் ‘தமபரம’ ஆகும். நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தின் பெயரையே உச்சரிக்கத் தெரியாத பொறிக்கு நீங்கள் ஊழியமா? அது உங்களுக்கு ஊழியமா?

தமிழ் வாழ்க என்று வாயிலிலே எழுதிவைப்பது எளிது. தை பிறந்தால் விழா எடுப்பதும் எளிது. அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவை போதா என்கிறோம். விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிட்டு, அதன் முகவரியை இணையத்திலே ஏற்றும்போது ‘தமழ வழக’ என்று வருமானால், வாழ்த்தியது எதனை?

வார விடுமுறையிலே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். நாலு தோழர்கள் சேருங்கள். உங்கள் அலுவலகத்திலே, உங்கள் ஊர் நூலகத்தின் தளத்திலே, உங்கள் மன்றத்தின் ஏட்டிலே முகவரி எப்படி ஆக்கப்படுகிறது என்று சோதியுங்கள். பிழை கண்டால் விதியைத் திருத்துங்கள். திருத்திய விதியை எல்லோர்க்கும் உரியதாக வெளியிடுங்கள். முதல் முறை ஏற்காவிட்டால் காரணம் காட்டி மறுமுறை அனுப்புங்கள். கேள்வி கேட்டுப் பழகிய கூட்டம் நாம். கேள்வியும் களவும் ஒன்று என்னும் பொறியிடம் கேள்வி கேளாமல் விடலாமா?

மானமும் மௌனமும் ஒன்று என்கிறது அந்தப் பொறி. வேறு வேறு என்று எழுதிக் காட்டும் பொறுப்பு உங்கள் விரல் நுனியில் இருக்கிறது, தோழர்களே!